ஐந்து பட்டியலிலும் இருந்தவர்

ஒரு காட்டில் தண்ணீரைவிடப் பட்டியல்கள் அதிகமாக இருந்தன.

மழை பொய்த்து ஓடைகள் வற்றி, கடைசியில் ஒரே ஒரு சுனைதான் மிஞ்சியது. உடனே அங்கே நீர்ப் பங்கீட்டு அலுவலகம் ஒன்று முளைத்தது. சுனையைச் சுற்றி முள்வேலி போட்டார்கள். அதிகாரியாகக் கரடி கனகசபாபதி வந்து உட்கார்ந்தார். கம்ப்யூட்டருக்கு மரங்கொத்தி மாசிலாமணி. தட்டச்சு செய்ய அவனைவிடப் பொருத்தமான அலகு அந்த வட்டாரத்திலேயே கிடையாது.

"எல்லாப் பட்டியலிலும் யார் பேர் இருக்கோ, அவங்களுக்கு மட்டும் சீட்டு. அப்பத்தான் ஒருத்தரும் ஏமாத்த முடியாது" என்றார் கரடி.

கையிலிருந்தவை மூன்று பட்டியல்கள்: காட்டில் குடியிருப்போர், தாகமுள்ளோர், தடுப்பூசி போட்டுக்கொண்டோர். மாசிலாமணி ஒரு நிரல் எழுதினான். அது முதல் இரண்டு பட்டியல்களிலும் உள்ள பெயர்களை மட்டும் வைத்துக்கொள்ளும். பிறகு அந்த மிச்சத்தை மூன்றாவதோடு ஒப்பிடும். இன்னும் எத்தனை பட்டியல் கொடுத்தாலும் அப்படியே கழித்துக்கொண்டு போகும். மூன்று பட்டியலுக்கும் பொதுவாக நாற்பத்தொரு பெயர்கள் தேறின.

அதில் கடமான் கற்பகவல்லி இல்லை. இரண்டு வருடத்துக்கு முன் ஊசி போட வந்தபோது அவள் வெள்ளத்துக்குப் பயந்து மேட்டுக்குப் போயிருந்தாள். இப்போது அவளுடைய குட்டி மூன்று நாளாகத் தண்ணீர் காணாமல் நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றது. அவளுக்கு மடியில் பாலும் வற்றிவிட்டது.

"ஐயா, எனக்கு வேண்டாம். பிள்ளைக்கு மட்டும் ஒரு வாய் குடுங்க" என்றாள்.

கரடிக்கு மனசு இளகியது. கெட்டவர் அல்ல, அதிகாரி, அவ்வளவுதான். "இந்தாம்மா, வேற எந்தப் பட்டியல்லயாவது உன் பேர் இருக்கா?"

"புல் மேய்வோர் பட்டியல்ல இருக்குங்க."

"அப்ப அதையும் சேர்த்துடலாம். மாசிலாமணி, சேருய்யா."

"ஐயா, சேர்க்கச் சேர்க்கக் குறையும்" என்றான் மரங்கொத்தி.

"சேர்த்தா எப்படிய்யா குறையும்? நான் ஒண்ணாங்கிளாஸ்லயே கூட்டல் படிச்சவன்."

சேர்த்தார்கள். நாற்பத்தொன்று பன்னிரண்டானது. கற்பகவல்லியின் பெயர் வரவில்லை. ஏற்கெனவே சீட்டு வாங்கியிருந்த குரங்குகளின் பெயர்களும் காணாமல் போயின. குரங்குகள் அலுவலகத்துக்கு வந்து மேசைமேல் ஏறி நியாயம் கேட்டன. கரடி அவற்றையும் கைவிடவில்லை. மரம் ஏறுவோர் பட்டியலைக் கொண்டுவரச் சொல்லி, ஐந்தாவதாகச் சேர்க்க உத்தரவு போட்டார்.

மாசிலாமணி தலையில் அடித்துக்கொண்டு கொத்தினான். இனிமேல் புல்லும் மேய வேண்டும், மரமும் ஏற வேண்டும், ஊசியும் போட்டிருக்க வேண்டும். திரையில் ஒரே ஒரு பெயர் நின்றது: ஆபத்சகாயம், ஆமை.

அவர் செத்து இரண்டு வருடம் ஆகிறது. வெள்ளத்தில் மாண்டவர், தண்ணீர் வடிந்ததும் ஒரு மரக்கிளையில் மாட்டிக்கொண்டு கிடந்தார். ஐந்து பட்டியலும் எடுத்தது அந்த வாரத்தில்தான். எங்கேயும் நகராததால் குடியிருப்போரில் எழுதினார்கள். வாய் திறந்திருந்ததால் தாகமுள்ளோர். வாயில் புல் இருந்ததால் புல் மேய்வோர். கிளையில் இருந்ததால் மரம் ஏறுவோர். ஊசி போட்டபோது கத்தாமல் ஒத்துழைத்தவர் அவர் ஒருவர்தான்.

கரடி சீட்டில் கையெழுத்துப் போட்டார். "அவர் வந்தா குடுத்துடு. சாயங்காலத்துக்குள்ள வரலைன்னா சீட்டு செல்லாது" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்.

கற்பகவல்லி வாசலிலேயே நின்றாள். குட்டி படுத்துவிட்டது. மரங்கொத்தி கொஞ்ச நேரம் அதையே பார்த்தான். வேலை போனால் போகட்டும் என்று தோன்றிவிட்டது. சீட்டை அலகில் கவ்வி அவள் முன்னால் போட்டான்.

"அக்கா, உங்க பேர் என்னன்னு நான் கேக்கவே இல்லை" என்றான்.

அவளுக்குப் புரிந்தது. குட்டியை முட்டி எழுப்பி, நடத்திக்கொண்டு சுனைக்குப் போனாள். வேலி வாசலில் முள்ளம்பன்றி முத்தையா காவல் நின்றது.

"பேரு?"

"ஆபத்சகாயம்."

"ஆமைன்னு போட்டிருக்கு. காலு இம்புட்டு நீளமா இருக்கே?"

"தண்ணியில்லாம இளைச்சுட்டேங்க."

"ஓடு எங்க?"

"மரம் ஏறுறப்ப கழண்டு விழுந்துடுச்சு."

முத்தையா பட்டியலைப் புரட்டியது. மரம் ஏறுவோர், சரியாகத்தான் இருந்தது. "கூட வர்றது யாரு?"

"அதுவும் ஆபத்சகாயம்தான். சின்ன வயசுல."

காவலுக்கு நிற்பவர் வயதைக் கேட்க வேண்டும் என்று விதியில் இல்லை. முத்தையா வழிவிட்டது. குட்டி முகத்தைத் தண்ணீருக்குள் முக்கி மூச்சு முட்டக் குடித்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றதில் கற்பகவல்லி தான் குடிக்க மறந்துபோனாள்.

வெளியே வந்ததும் சீட்டை அடுத்து நின்ற முயலிடம் கொடுத்தாள். முயல் ஆபத்சகாயமாகப் போய்க் குடித்துவிட்டு வந்தது. பிறகு நரி ஆபத்சகாயம், மயில் ஆபத்சகாயம், முப்பது குரங்கு ஆபத்சகாயம். பொழுது சாய்வதற்குள் காடு முழுக்க ஆபத்சகாயமாகித் தாகம் தீர்ந்தது. கடைசியாக, சாப்பாட்டில் உப்பு கூடிப்போன ஒருவர் மூச்சிரைக்க வந்து, தொண்டையைச் செருமி, தன் பெயரும் ஆபத்சகாயம்தான் என்றார். முத்தையா அவருக்கு மட்டும் எழுந்து நின்று வணக்கம் வைத்தது.

மறுநாள் கனகசபாபதி மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பினார்: "காட்டில் தகுதியுள்ள பயனாளி ஒருவர். அவரில் நூறு சதவீதம் பேரும் திருப்தி."

நீதி: எல்லாப் பட்டியலிலும் பெயர் வர வேண்டுமானால் செத்திருக்க வேண்டும், உயிரோடு இருக்க வேண்டுமானால், அப்படிச் செத்தவர் யாரென்று விசாரித்து வைத்துக்கொள்ள வேண்டும்.