கம்பெனிக்கு எழுதிய மொய்

உலகத்திலேயே ஒரு கம்ப்யூட்டர் கம்பெனிக்கு மொய் எழுதிய ஒரே மனிதர் எங்கள் மேலகரத்தில்தான் இருந்தார். கல்யாண வீடியோ எடுத்து, வெட்டி ஒட்டி, பாட்டுப் போட்டுக் கொடுக்கிற ஸ்டுடியோக்காரர். ஊருக்கே மொய் அண்ணாச்சி. அடுத்த கடையில் செல்போன் ரிப்பேர் பார்க்கும் எனக்கு அவரால் பாதி நாள் சிரிப்பு, பாதி நாள் தலைவலி.

அவர் வீடியோ வெட்டிய சாஃப்ட்வேர் இலவசம். வேலை முடிந்ததும், 'விரும்பினால் நன்கொடை தரலாம்' என்று திரையில் ஒரு பெட்டி வரும். உலகமே அதை மூடிவிட்டுச் சாப்பிடப் போகும். அண்ணாச்சிக்கு மட்டும் மூடினால் சோறு இறங்காது. ஒவ்வொரு கல்யாணத்துக்கும் பணம் அனுப்பிவிடுவார். டாலரில் போவதால் ஒற்றை ரூபாய் சேர்த்து எழுத முடியவில்லையே என்று அதற்கு வேறு வருத்தம்.

"அண்ணாச்சி, அவனுவ கொழுத்த லாபத்துல இருக்கானுவ. உங்களுக்குக் கடை வாடகையே இழுபறி. எதுக்கு இது?"

"ஏலே, ரைஸ்மில்காரரு பணக்காரருன்னு, அவரு வீட்டுக் கல்யாணத்துல மொய் எழுதாம தின்னுட்டு வருவியா?"

"அவரு நமக்குத் திருப்பிச் செய்வாருல்லா?"

"இவியளும் செய்வாவ."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். ஆனியில் அவர் மகளுக்குக் கல்யாணம் வந்தது. பத்திரிகையின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, படம் பிடித்து, கம்பெனிக்கு மெயில் அனுப்பினார். அடுத்த நிமிடமே பதில் வந்தது. 'உங்கள் செய்தி எங்களுக்கு முக்கியம். எங்கள் குழு விரைவில் தொடர்புகொள்ளும்.'

"அது மெஷின் போடுத பதிலு அண்ணாச்சி."

"மெஷினுக்கு இருக்க மரியாத உனக்கு இல்லியேலே. குழுன்னா அஞ்சாறு பேரு வருவாவ."

குற்றாலத்தில் சீசன் நேரம். யார் யார் காலையோ பிடித்து, வரப்போகிற குழுவுக்கு அருவிச் சத்தம் கேட்கிற மாதிரி பெரிய அறை போட்டார். அண்ணாச்சியின் மனைவி, எங்கள் மதினியின் சொந்த அண்ணன் மண்டபத்தில் ஜமுக்காளம் விரித்துப் படுத்தார். "எங்கூடப் பொறந்தவன் கொசுக்கடியில கெடக்கான். வராத ஆளுக்கு ஏசி ரூமு" என்று மதினி பந்திக்குப் பந்தி சொல்லிக்கொண்டிருந்தார். கடைசிப் பந்தி எழும்வரை அண்ணாச்சி வாசலிலேயே நின்றார். யாரும் வரவில்லை.

அடுத்த மாதம் கம்பெனியிலிருந்து ஒரு செய்தி வந்தது. இனி அந்த சாஃப்ட்வேருக்குச் சந்தா கட்டவேண்டும், அதுவும் புதுக் கம்ப்யூட்டரில்தான் ஓடும் என்று. அண்ணாச்சியின் பழைய கம்ப்யூட்டருக்குள் பாதி வெட்டிய கல்யாணங்கள் திறக்காமல் கிடந்தன. பெண் வீட்டார், மாப்பிள்ளை வீட்டார் என்று மாறி மாறி வந்து கத்தினார்கள். அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்தே ஓய்ந்துபோனார். ஆவணி முகூர்த்தம் பிறக்குமுன் ஸ்டுடியோ போர்டு இறங்கியது.

நான் கம்பெனிக்காரனைக் கெட்ட வார்த்தையில் திட்டினேன். அவர் என் கையைப் பிடித்தார்.

"அப்படிப் பேசாத. அவிய வீட்டுல என்ன கஷ்டமோ."

எனக்கு அவர் மேலேயே எரிச்சல் வந்தது. அழுகையும் வந்தது. சாமான்களை வண்டியில் ஏற்றும்போது ஒரு கவரை அவர் சட்டைப்பையில் திணித்தேன். எடுத்துப் பார்த்துவிட்டு என்னிடமே நீட்டினார்.

"என்ன விசேஷம்னு மொய் வைக்குத? கடைய மூடுததுக்குமா எழுதுவாவ?"

வண்டி சாரலில் நனைந்துகொண்டே தென்காசிப் பக்கம் போனது. 'இப்படி ஒரு மனுசன் எனக்கு அடுத்த கடையில இருந்ததுக்குத்தான் இந்த மொய் அண்ணாச்சி' என்று அவரிடம் சொல்லத் தோன்றியபோது, தெருவில் நான் மட்டும்தான் நின்றிருந்தேன்.