ஆடிக்கிருத்திகையும் என் பின்னந்தலையும்

தலையில் முடி குறைய ஆரம்பித்தால் ஊரில் எல்லோரும் வைத்தியர் ஆகிவிடுவார்கள். பால்காரர் வேப்பெண்ணெய் என்பார், ஆபீஸ் செக்யூரிட்டி கரிசலாங்கண்ணி என்பார். வகிடு அகலமாகிப்போன பக்கத்து வீட்டு அக்காவும் நானும் ஒரே சமயத்தில் சின்ன வெங்காயச் சாறு தேய்த்துக்கொண்ட காலம் ஒன்று உண்டு. அவருக்காவது பூ வைத்து மறைக்க வழி இருந்தது. எனக்கு ஆபீஸில் பக்கத்து நாற்காலிக்காரன் இடம் மாறிப் போனதுதான் மிச்சம்.

அப்போது எனக்கு முப்பது நெருங்கிக்கொண்டிருந்தது. நெற்றி ஏறிக்கொண்டே போய் உச்சியைத் தொடப் பார்த்தது. காலையும் மாலையும் சொட்டு மருந்து விடச் சொன்னார்கள். நிறுத்தினால் வந்த முடியும் போய்விடுமாம். (பல் விளக்குவதையே ஒழுங்காகச் செய்யாதவனிடம் சொல்கிற பேச்சா அது?) பெண் வீட்டார் ஒருவர் என் போட்டோவைப் பார்த்துவிட்டு, பையன் வயதைச் சரியாகத்தான் போட்டிருக்கிறீர்களா என்று அம்மாவிடம் கேட்டார். அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. கடைசியில், பின்னந்தலையிலிருந்து முடியை வேரோடு எடுத்து முன்னால் நடுகிற சிகிச்சைக்குத் துணிந்தேன்.

அம்மாவிடம் சொல்லவில்லை. கோலார் தங்கவயலில் பிறந்து பெங்களூர் தொம்மலூரில் குடியேறியவர் என் அம்மா. தலையில் ஊசி போட்டால் மருந்து மூளைக்குள் இறங்கிவிடும் என்று உறுதியாக நம்புகிறவர். ஆகவே கம்பெனி வேலையாக மைசூர் போவதாகச் சொல்லிவிட்டு, பொம்மனஹள்ளியில் நண்பன் ஆரோக்கியராஜின் அறையில் வீங்கிய முகத்தோடு ஒரு வாரம் படுத்துக் கிடந்தேன். திரும்பி வந்ததும், மைசூரில் பேன் தொற்றிக்கொண்டதால் தலையை ஒட்ட வெட்டிவிட்டேன் என்று இன்னொரு புளுகு.

சில மாதங்களில் முடி முளைத்துவிட்டது. அந்தத் தைரியத்தில் போய்ப் பார்த்த பெண்தான் சங்கீதா. ஜீவனஹள்ளிக்காரி, வங்கியில் வேலை. பேச்சில் கறார், சிரித்தால் அவ்வளவு அழகு. இவள் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் நான் அவ்வளவுதான் என்று முதல் நாளே தோன்றிவிட்டது. ஆனியில் நிச்சயம் முடிந்தது. ஆவணியில் கல்யாணம்.

நடுவில் ஆடி வந்தது. அம்மா ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். என் தலையில் முடி முளைத்தால் ஆடிக்கிருத்திகைக்கு மொட்டை போடுவதாக முருகனிடம் வேண்டிக்கொண்டிருந்தாராம்.

முடி கொடுத்த சாமிக்கு அந்த முடியையே எடுத்துக் கொடுப்பது என்ன நியாயம் என்று வாதாடிப் பார்த்தேன். "வேற என்னடா இருக்குது உன்கிட்ட, குடுக்கறதுக்கு?" என்றார் அம்மா. சிகிச்சை செய்த இடத்துக்குப் போன் போட்டேன். மழித்தாலும் வேர் போகாது, திரும்ப வளரும் என்றார்கள். நிம்மதியாகக் கோயிலுக்குக் கிளம்பினேன். அம்மா சம்பந்தி வீட்டாரையும் வரச் சொல்லியிருந்தார்.

மொட்டைக் கொட்டகையில் கத்தி உச்சிவரை போய்விட்டது. அப்போதுதான் எதிரில் இருந்த ஒரு மொட்டைத் தலையில் பழைய தழும்பு ஒன்று பளிச்சென்று தெரிந்தது. என் பின்னந்தலை ஞாபகம் வந்தது. முடி எடுத்த இடமெல்லாம் பின்னந்தலையில் வெள்ளைப் புள்ளிகளாக இருப்பதை ஆரோக்கியராஜ் போனில் படம் பிடித்துக் காட்டியிருக்கிறான், ரவை சிந்தினதுபோல. பின்பக்கம் மட்டும் குடுமி வைத்துக்கொள்கிறேன் என்று கெஞ்சினேன். பாதி மொட்டை முருகனுக்கு ஆகாது என்று அம்மா சொல்லிவிட்டார்.

முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு நகர்ந்து நகர்ந்து போய்க் குளித்தேன். சந்தனக் கிண்ணத்தை அம்மா கையிலிருந்து பிடுங்கி, கழுத்துவரை அப்பிக்கொண்டேன். பிள்ளைக்கு என்ன பக்தி என்று சங்கீதாவின் அப்பா மெச்சினார்.

தரிசன வரிசையில் அம்மா எனக்கு முன்னால், சங்கீதா எனக்குப் பின்னால். அவளை முன்னால் போகச் சொன்னேன். மாட்டேன் என்றாள். அந்த நேரம் பார்த்துத் தூறல் பிடித்தது. பெங்களூரின் ஆடித் தூறல். கொட்டவும் கொட்டாது, நிற்கவும் நிற்காது. சந்தனம் கரைந்து முதுகில் வழிவது தெரிந்தது. கையை வைத்து மறைத்தால் கையோடு இன்னும் கொஞ்சம் வந்தது. முருகா, சன்னிதிவரை மட்டும் காப்பாற்று என்று அன்றைக்கு வேண்டியதுபோல் நான் எதற்கும் வேண்டியதில்லை.

"பின்னாடி என்னங்க, புள்ளி புள்ளியா?" என்றாள் சங்கீதா.

"சின்ன வயசுல அம்மை போட்டுது."

அம்மா திரும்பினார். "உனக்கு எப்படா அம்மை போட்டுது?"

வரிசையே என் தலையைப் பார்த்தது. வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா சன்னிதிப் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு மெதுவாக, "அப்போ முருகன் செய்யலியா?" என்றார். அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

சங்கீதா அழவும் இல்லை, கத்தவும் இல்லை. "முடி இல்லன்னா என்னங்க? எங்க அம்மாவுக்கே பாதி சவுரி." (அவள் அம்மா தொண்டையைச் செருமினார்.) "அம்மை போட்டுதுன்னு யோசிக்காம சொன்னீங்க பாருங்க, அதான் பயமா இருக்குது."

கும்பிட்டுவிட்டுப் போன சங்கீதா வீட்டார் ஆடி முடியும்வரை பிடி கொடுக்கவில்லை. போன் செய்தால் அவள் எடுக்கவில்லை. பொண்ணு யோசிக்கிறாள் என்று மட்டும் அவள் அப்பா சொல்வார். பத்திரிகைக் கட்டு அலமாரியில் கிடந்தது, யாருக்கும் கொடுக்காமல். முருகனைச் சந்தேகப்பட வைத்த பாவி என்று அம்மாவும் என்னோடு பேச்சைக் குறைத்துக்கொண்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சங்கீதா தனியாக வீட்டுக்கு வந்தாள். உட்காரக்கூட இல்லை.

"திரும்பி நில்லுங்க" என்றாள்.

சுவரைப் பார்த்து நின்றேன். என் பின்னந்தலையைப் பார்த்தபடியே, வேறு என்னென்ன பொய் என்று கேட்டாள். மைசூர், பேன், பயோடேட்டாவில் கூட்டிப் போட்ட உயரம், கேட்காமலே கேட்டதாகச் சொன்ன சம்பள உயர்வுவரை சுவரிடம் ஒப்பித்தேன். முடித்தபோது பின்னால் சத்தமே இல்லை. போய்விட்டாள் என்றே நினைத்தேன். பிறகு அம்மாவிடம் அவள் பேசுவது கேட்டது. "ஆவணியிலயே வெச்சுக்கலாம் அத்தை."

கல்யாண ஆல்பத்தில் என் தலையில் முடி அரிசி நீளம்தான் இருக்கும். முருகன் பேரில் பொய்க்கணக்கு ஏற்றியதற்காக அடுத்த ஆடியில் அபராத மொட்டை ஒன்றையும் அம்மா போட வைத்தார்.

எங்கள் வீட்டில் யார் பேச்சிலாவது சந்தேகம் வந்தால் இன்றைக்கும் அந்தச் சுவர் விசாரணைதான் தீர்ப்பு முறை. போன வாரம் டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டு நேரமாகிவிட்டது என்றேன். யூ.கே.ஜி. படிக்கிற என் மகள் கிரேயானைக் கீழே வைத்துவிட்டு, "திரும்பி நில்லுப்பா" என்றாள்.

நான் சொன்னது சத்தியமான உண்மை. இருந்தும் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றேன்.