கீழிருந்து மேலே படித்த ரிவர்ஸ் சார்

திண்டுக்கல் பூட்டைக்கூடக் கள்ளச்சாவி போட்டுத் திறந்துவிடலாம். ஆனால் ஒரு தப்பான ஆங்கில வார்த்தை எங்கள் ரிவர்ஸ் சாரைத் தாண்டி அச்சுக்குப் போனதாகச் சரித்திரமே கிடையாது!

பஸ் ஸ்டாண்டு பக்கம் ஓர் அச்சகத்தில் நான் டைப் அடிப்பேன், அவர் பிழை பார்ப்பார். எதையும் கடைசி வாக்கியத்தில் ஆரம்பித்து, ஒவ்வொரு வாக்கியமாக மேலே ஏறித்தான் படிப்பார். அதனால்தான் அந்தப் பெயர்.

"நேராப் படிச்சா விஷயத்துல மனசு போயிரும் அப்பு. கண்ணு ஏமாத்திப்புடும்" என்பார். கல்யாணப் பத்திரிகையை அலசிக் காயப்போட்ட பிறகும் மாப்பிள்ளை யாரென்று அவருக்குத் தெரியாது. மனுஷனா மெஷினா என்று நான் வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பேன்.

"செல்போனே திருத்துதே சார்?" என்று ஒருமுறை கேட்டுவிட்டேன்.

"அட்வைஸுக்கு 'சி' போட்டாலும் 'எஸ்' போட்டாலும் ரெண்டும் இங்கிலீஸ்தான்னு அது சும்மா இருந்துரும்லே. எது எந்த எடத்துக்குன்னு நாமதான் பாக்கணும்."

ஸ்டேஷனரி கடைக்காரர் ஒருவர் பெயர்ப்பலகை அடிக்க வந்தார். ஆங்கில 'ஸ்டேஷனரி'யில் 'இ' வரவேண்டிய இடத்தில் 'ஏ' எழுதியிருந்தார்.

"இப்புடிப் போட்டா அசையாம நிக்கிறதுன்னு அர்த்தம்ணே" என்றார் சார்.

"கடை நிக்கத்தானய்யா செய்யும், ஓடவா செய்யும்?"

சார் அசரவில்லை. 'இ' வரும்வரை பலகை வெளியே போகவில்லை. மறுவாரமே அந்த மனிதர் மகளின் வேலை விண்ணப்பத்தைத் தூக்கிக்கொண்டு சாரிடம் வந்து நின்றார்.

அப்புறம் எனக்குச் சென்னையில் வேலை கிடைத்தது. ஆறு வருஷமாக மத்தியானம் வெஞ்சனத்தைப் பங்கு போட்டுச் சாப்பிட்ட மனிதரிடம் "போறேன் சார்" என்று சொல்ல வாய் வரவில்லை. அவர் பார்க்காத கடிதத்தை முதலாளியிடம் கொடுக்கவும் மனசில்லை. ராஜினாமாவை ஆங்கிலத்தில் அடித்து, மற்ற தாள்களுக்கு நடுவில் செருகி வைத்தேன். கீழிருந்துதானே படிப்பார், விஷயம் மண்டையில் ஏறாது என்று நினைத்தேன். கோழைப் பயல் நான்.

செத்த நேரத்தில் தாள் திரும்பி வந்தது. ஒரு சிவப்புக் கோடுகூட இல்லை, அடியில் அவர் கையெழுத்து மட்டும். எனக்கே பெருமை தாங்கவில்லை. எடுத்துப் பார்த்தால், 'இழப்பது' என்ற அர்த்தம் வரவேண்டிய இடத்தில் 'லூஸ்' இரண்டு 'ஓ'வோடு பல்லிளித்தது.

"சார், இதுக்கு ஒரு 'ஓ'தானே? விட்டுட்டீங்களே!"

அவர் அடுத்த தாளைத் தேடுவதுபோல் மேஜையைத் துழாவினார்.

"மேல ஒம் பேரு இருந்துச்சு. நேராப் படிச்சுட்டேன் அப்பு." பிறகு மெதுவாக, "எப்பக் கெளம்புற?" என்றார்.

அந்த அதிகப்படி 'ஓ'வை நீக்க எனக்கு மனசு வரவில்லை. பிழையோடுதான் முதலாளியிடம் கொடுத்தேன்.