மூன்று மணி நேரம் கால் மேல் கால்

மனிதனின் கர்வம் உடம்பில் எங்கே குடியிருக்கிறது என்று யாராவது கேட்டால் நான் தொட்டே காட்டுவேன். முழங்காலுக்குச் சற்றுக் கீழே, வெளிப்பக்கம், நெல்லிக்காய் அளவில் ஓர் எலும்பு முட்டு. அங்கேதான். (தடவிப் பாருங்கள், உங்களுக்கும் இருக்கும்.)

ஒரகடம் தொழிற்பேட்டையில் உதிரிபாகக் கம்பெனி ஒன்றின் லைனில் ஏழு வருடம் நின்றுகொண்டே வேலை பார்த்தவன் நான். சங்கரன்கோவில் பக்கத்து ஆள். பிள்ளைப்பாக்கத்துச் செல்வியை மணக்கப் பட்டுவேட்டியோடு வல்லக்கோட்டை முருகன் கோயிலில் போய் இறங்கினேன். முகூர்த்த நாள்; எங்களுக்கு முன்னால் வரிசையாக ஜோடிகள். காத்திருக்க ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். நின்றே தேய்ந்த கால்களுக்கு அது சிம்மாசனம். வலது காலைத் தூக்கி இடது கால் மேல் போட்டேன். எடுக்கவே இல்லை. வெயில் ஏறியது, மேளம் ஓய்ந்து ஓய்ந்து எழுந்தது, மூன்று மணி நேரம் அந்தத் தொழிற்பேட்டைக்கே நான்தான் முதலாளி.

எங்கள் முறை வந்தது. எழுந்தேன். வலது பாதம் எழவில்லை. கொடியில் போட்ட ஈரத்துணி போலத் தொங்கியது. எடுத்து வைத்தால் தொப். மூன்றாவது தொப்பில் தாம்பூலத் தட்டின் மேல் குப்புற விழுந்தேன். (வெற்றிலை தப்பியது, மூக்கு தப்பவில்லை.)

செல்வியின் தாய்மாமன் என் நடையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாப்ளைக்கு காலு சரியில்ல. மறச்சிட்டானுங்க. தாலிய உள்ள வைங்க."

என் அம்மா, ஓடையெல்லாம் மாடு விரட்டிய கால் அது என்று சத்தியம் செய்தாள். நடந்து காட்டச் சொன்னார்கள். காட்டினேன். தொப். மேளக்காரர் குச்சியைக் கீழே வைத்துவிட்டார்.

அப்போதுதான் செல்வி வந்தாள். வேறொரு கம்பெனியின் முதலுதவி அறையில் நர்ஸ் அவள். மாலையோடு என் எதிரே உட்கார்ந்து, ஊரே பார்க்க என் வேட்டியை முழங்கால் வரை ஏற்றி, அந்த நெல்லிக்காயைத் தடவினாள்.

"எவ்ளோ நேரமா கால் மேல கால் போட்டுக்கினு இருந்தீங்க?"

"மூணு மணி நேரம்."

"நடுவுல எடுக்கவே இல்லியா?"

இல்லை என்று தலையாட்டினேன். அவள் மாமனிடம் திரும்பினாள்.

"மாமா, இந்த எலும்ப சுத்திக்கினு ஒரு நரம்பு போவுது. மேல சதையே கிடையாது, தோலுதான். பாதத்தத் தூக்குறது அதுதான். இவரு கெத்தா உக்காந்து அத நசுக்கிட்டாரு. லைன்ல குந்திக்கினு வேலை செய்றவங்களும் இப்டி எங்கிட்ட வருவாங்க. சரியாப்பூடும்."

மாமன் என்னை நீளமாக ஒரு பார்வை பார்த்தார்.

"கை ரெண்டும் வேலை செய்யுதா?"

செய்தது. கட்டினேன்.

குந்தக் கூடாது என்று செல்வி உத்தரவு போட்டதால் மண்டியிட்டுத்தான் மெட்டி போட்டேன். அவள் விரலில் வெள்ளி ஏறிய அந்த நொடியில், மழைக்குத் தலை தூக்கும் நாற்றைப் போல, என் கால் கட்டைவிரல் ஒரு நூலளவு அசைந்தது. அவளிடம் மட்டும் மெல்லச் சொன்னேன். பாதம் முழுசாகத் திரும்ப மூன்று வாரம் ஆயிற்று.

இப்போது நான் சூப்பர்வைசர். நாற்காலி இருக்கிறது; இரண்டு பாதமும் தரையில்தான். ஆனாலும் பிள்ளைப்பாக்கத்தில் எந்த விசேஷத்துக்குப் போனாலும் மாமன் வாசலிலேயே குரல் கொடுப்பார்.

"மாப்ளைக்கு சேர் போடுங்கப்பா. காலைப் பாத்துக்க எங்க பொண்ணு கீது."