இரண்டு சீட்டு வண்டியில் அக்காவை அழைக்கப் போனேன்

என் வாழ்நாளில் நான் ஒரே ஒரு கார்தான் வாங்கினேன். அதற்கப்புறம் எங்கள் குடும்பத்தில் யாரும் என்னைத் தனியாக எதையும் வாங்க விட்டதில்லை. சைக்கிளுக்கு ட்யூப் வாங்கக் கிளம்பினால்கூட, "செத்த இரு, நானும் வாரேன்" என்று யாராவது ஒருத்தர் செருப்பை மாட்டிவிடுவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் வாயைத் திறக்க முடியாது. திறந்தால் அந்தச் சிவப்பு வண்டிப் பேச்சு வந்துவிடும்.

திண்டுக்கல்லில் எங்களுக்குத் தோல் மண்டி. அப்பாவை நாங்கள் அத்தா என்போம். அவர் சந்தை சந்தையாகப் போய் ஆட்டுத்தோல் வாங்கிவருவார். பஸ்ஸிலும் மாட்டுவண்டியிலும் அலைந்து அலைந்து அவர் இடுப்பு போய்விட்டது. ஐம்பதுகளின் கடைசியில் ஒருநாள், பழைய கார் ஒன்று வாங்கிவிடலாம் என்று முடிவு செய்தார். வீட்டில் லைசென்ஸ் வைத்திருந்தவன் நான்தான். ஆகவே அந்தப் பொறுப்பு என் தலையில் விழுந்தது. (தலைக்குள் ஒன்றும் இல்லை என்பதை அத்தா கவனிக்கவில்லை.)

மெட்ராஸுக்கு யாவாரமாகக் கிளம்பும்போது அத்தா தெளிவாகத்தான் சொன்னார்.

"ஏலே, விலை நம்ம கைக்கு அடங்கணும். தினம் சந்தைக்கு ஓடணும். நடுரோட்டுல நின்னு மானத்த வாங்கக் கூடாது. முக்கியமா, உங்க அக்காவ ஏழாம் மாசம் அதுலதான் கூட்டிட்டு வரணும். அவ மாமியாகிட்ட சொல்லிப்புட்டேன், சொந்த வண்டியில திரை கட்டிக் கூட்டிட்டுப் போவோம்னு."

அக்காவைப் பழனியில் கொடுத்திருந்தோம். இது அவளுக்கு முதல் பிள்ளை. ஏழாம் மாதம் பூ வைத்துத் தாய்வீட்டுக்கு அழைத்து வந்து பிரசவம் பார்ப்பதுதான் வழக்கம். அந்தக் காலத்தில் எங்கள் வீட்டுப் பெண்கள் கோஷா. குதிரைவண்டியில் போனாலும் முன்னும் பின்னும் திரை கட்டித்தான் போவார்கள். அக்காவின் மாமியார் இந்த விஷயத்தில் இன்னும் கறார். பஸ்ஸா, கிடையாது. ரயிலா, யோசிப்போம். சொந்த வண்டி என்று சொன்ன பிறகுதான் அந்தம்மா சரியென்று தலையாட்டினார்.

அக்காவோ நாளை எண்ணிக்கொண்டிருந்தாள். பிரசவம் என்றால் அவளுக்கு அப்படி ஒரு பயம். அம்மா எப்போது போய்ப் பார்த்தாலும், "எப்பம்மா என்னையக் கூட்டிட்டுப் போவ?" என்றுதான் கேட்பாளாம். அம்மா பக்கத்தில் படுத்துக்கொண்டால் எந்த வலியும் தெரியாது என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை.

இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் செய்தேன்.

கார் பார்க்க என்னோடு வந்தவன் என் கூட்டாளி சுந்தரம். மோட்டார் விஷயத்தில் புலி என்று பெயர். (ஒரு தடவை லாரியின் முன்சீட்டில் உட்கார்ந்து திருச்சி வரை போய்வந்திருக்கிறான். அவ்வளவுதான் புலி.) முதலில் நாகல் நகரில் ஒரு டாக்டரின் வண்டியைப் பார்த்தோம். கறுப்பு. நாலு கதவு. பெட்டி மாதிரி இருந்தது. டாக்டர் வீட்டு அம்மாவுக்காக ஜன்னலுக்கு ஜன்னல் திரைக்கம்பிகூட அடித்திருந்தது. சாவியைத் திருப்பியதும் சத்தமில்லாமல் கிளம்பியது. விலையும் அத்தா சொன்னதற்குள்தான்.

"எப்படிடா இருக்கு?" என்றான் சுந்தரம்.

"கிழவனுங்க ஓட்டுற வண்டிடா" என்றேன்.

அட மடையா! அந்த நிமிடத்துக்குத் திரும்பிப்போய் அவன் பிடரியில் ஒன்று போட முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். சுந்தரத்தின் பிடரியில் அல்ல, என் பிடரியில்.

அப்புறம் யாரோ சொன்னார்கள் என்று கொடைக்கானல் போனோம். எஸ்டேட் துரை ஒருவர் எல்லாவற்றையும் விற்றுவிட்டுச் சீமைக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். அவர் பங்களா வாசலில், சரிவில், அது நின்றது. சிவப்பு. நீள மூக்கு. இரண்டே சீட்டு. பார்த்ததும் எனக்குத் திறந்த வாய் திறந்தபடி நின்றது. பந்தயக் கார் என்றான் சுந்தரம். அந்த ஒரு வார்த்தை போதாதா?

"கூரை?" என்று நான் கேட்டேன். கேட்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. கூரைத் துணி கிழிந்துபோய் ரொம்ப நாளாச்சு, மழை வந்தால் துரை தொப்பி போட்டுக்கொள்வார் என்று பட்லர் சொன்னான். நானும் அது ரொம்ப நியாயம் என்பதுபோல் தலையாட்டினேன்.

"ஊர் வரைக்கும் ஓட்டிப் பாருங்க, பிடிக்கலேன்னா திரும்ப மேல கொண்டுவந்து விட்டுடுங்க" என்று துரை சொன்னதாகப் பட்லர் சொன்னான். எவ்வளவு பெரிய மனசு என்று எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. அத்தா கொடுத்திருந்த பணத்தை அங்கேயே எண்ணிக் கொடுத்தேன். பிரேக்கைத் தளர்த்தியதும் வண்டி தானாக உருண்டு, சட்டென்று உறுமிக் கிளம்பியது. காற்று முகத்தில் அடிக்க, வளைவு வளைவாக, மகாராஜா மாதிரி இறங்கினேன். "பாத்தியாடா, என்ன ஓட்டம்!" என்று கத்தினேன். மலையிலிருந்து கீழே எதுதான் ஓடாது? உரலை உருட்டிவிட்டாலும் ஓடும். அந்த வண்டி திரும்ப மேலே ஏறாது என்பது துரைக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. இறங்கிய சூட்டிலேயே வத்தலக்குண்டு தாண்டி ஊர் வந்து சேர்ந்துவிட்டது.

மறுநாள் காலையில் கிளம்பவில்லை.

மண்டி ஆட்கள் தள்ளினார்கள். தள்ளினால் கிளம்பும். தள்ளாவிட்டால் கிளம்பாது. பந்தய வண்டி என்றால் அப்படித்தான் என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னேன். மலைக்கோட்டை அடிவாரத்தில் ஒரு சரிவைக் கண்டுபிடித்து, தினம் அங்கே கொண்டுபோய் நிறுத்திவிட்டு, வீட்டுக்கு நடந்து வருவேன். காலையில் நடந்துபோய் எடுத்து வருவேன். (இடுப்பு வலிக்கு வாங்கிய வண்டி!)

அம்மா வாசல் திரையை விலக்கி அதை முதன்முதலாகப் பார்த்தபோது கேட்டது ஒரே கேள்விதான்.

"மீதி எங்கப்பா?"

"இம்புட்டுத்தாம்மா வண்டி."

"பின்னாடி சீட்டு?"

"இதுலயே மூணு பேரு தாராளமா உக்காரலாம்மா." அது பொய்யில்லை. நானும் சுந்தரமும் அவன் தம்பியும் உட்கார்ந்து பார்த்திருந்தோம். மூன்று பேரும் குச்சி.

திரைக்கும் வழி செய்தேன். மூங்கில் தப்பையை வளைத்து, கூண்டு வண்டிக்குக் கட்டுகிற மாதிரி கட்டி, மேலே அம்மாவின் போர்வைகளைப் போர்த்தினேன். பந்தய வண்டி இப்போது மாட்டைத் தொலைத்த வண்டி மாதிரி ஆகிவிட்டது. அத்தா இன்னும் மெட்ராஸிலிருந்து திரும்பவில்லை. "ரயில்ல போயிருவோம்ப்பா, எனக்கு இது சரியாப் படல" என்று அம்மா கெஞ்சினார். "சொந்த வண்டின்னு அத்தா வாக்குக் குடுத்துட்டு, நாம ரயில்ல போய் நின்னா மரியாதையா?" என்று நான்தான் துள்ளினேன். எப்பேர்ப்பட்ட மரியாதை!

அம்மா மடியில் மல்லிகைப்பூக் கூடை. அக்காவுக்கு வைக்க. ஒட்டன்சத்திரம் வரை ஒழுங்காகத்தான் போனோம். அங்கே காற்று பிடித்துக்கொண்டது. போர்வை ஒரு முறை உப்பியது. அடுத்த நொடி மூங்கிலோடு பிய்த்துக்கொண்டு பறந்து, பின்னால் தக்காளி ஏற்றி வந்த வண்டிமாட்டின் தலையில் போய் விழுந்தது. மாடு பாவம், திடீரென்று ராத்திரி ஆகிவிட்டதென்று நினைத்து நடுரோட்டில் நின்றுவிட்டது.

வண்டிக்காரக் கவுண்டர் இறங்கிவந்து போர்வையை மடித்து என்னிடம் நீட்டினார். "ஏனுங்க தம்பி, வண்டி ஓட்டறீங்களா, துணி காயப்போடறீங்களா?" என்றார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

மூங்கில் முறிந்துவிட்டது. அங்கிருந்து பழனி வரை திறந்த வண்டிதான். அம்மா துப்பட்டியைத் தலையோடு இழுத்துப் போர்த்திக்கொண்டு, சீட்டுக்குக் கீழே குனிந்தே வந்தார். பூவைக் காற்று கொண்டுபோய், போய் இறங்கியபோது கூடையில் பாதிக்குமேல் நார்தான் இருந்தது.

அக்கா காலையிலிருந்தே தயாராக இருந்திருக்கிறாள். வாசல் திரைக்குப் பின்னாலேயே அவளுடைய ட்ரங்குப் பெட்டி. அவள் அதன்மேலேயே உட்கார்ந்திருந்தாள். எங்களைப் பார்த்ததும் சிரித்த சிரிப்பு இப்போதும் என் கண்ணிலேயே இருக்கிறது. மிஞ்சிய பூவை அம்மா அவள் தலையில் வைத்தார். சாப்பிட்டோம். கிளம்பும் நேரம் வந்தது.

நான் உட்கார்ந்தேன். அம்மா உட்கார்ந்தார். அக்கா உட்காரப் போனாள். கதவு சாத்தவில்லை. அம்மா நகர்ந்தார். சாத்தவில்லை. நான் வெளியே தொங்கினேன். அப்போதும் சாத்தவில்லை.

"மூணு பேரு தாராளமா..." என்று ஆரம்பித்து, எனக்கே வெட்கமாகி நிறுத்திவிட்டேன்.

"நான் ரயில்ல வந்துக்கிறேன், நீ அக்காவ மட்டும் கூட்டிட்டுப் போ" என்று அம்மா இறங்கிவிட்டார். கதவுகளைச் சுற்றிப் போர்வையைக் கட்டி அக்காவை உட்காரவைத்தோம். சாவியைத் திருப்பினேன். பேச்சுமூச்சில்லை. அந்தத் தெருவோ தட்டையான தெரு. மச்சானும் பக்கத்து வீட்டுக்காரர்களும் தள்ளினார்கள். தெருக்கோடி வரை போனோம். கிளம்பவில்லை. திருப்பித் தள்ளிக்கொண்டு வந்தார்கள். உள்ளே ஏழு மாத வயிற்றோடு என் அக்கா, சவாரி போகிற மாதிரி, முன்னும் பின்னும். தெருப் பிள்ளைகள் கை தட்டின.

அப்போதுதான் அக்காவின் மாமியார் கதவைத் திறந்து வாசலுக்கே வந்துவிட்டார். வெளியில் தலைகாட்டாத மனுஷி.

"நிறுத்துங்க. புள்ளத்தாச்சியத் தள்ளுவண்டியில ஏத்தியா அனுப்புவாக? அவள எறக்குங்க."

"நாளைக்கு ரயில்ல கூட்டிட்டுப் போறேன் சம்பந்தி" என்று அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"எடுத்த பயணம் தடங்கிருச்சு. எட்டாம் மாசம் வேற பொறக்கப்போகுது. எட்டுல நாங்க அனுப்புறதில்ல. ஒம்பதுல பாத்துக்குவோம்."

அந்தம்மா மேல் தப்பே சொல்ல முடியாது. நானாக இருந்தாலும் அனுப்பியிருக்க மாட்டேன்.

அக்கா இறங்கினாள். அழவில்லை. உள்ளே போவதற்கு முன் என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டாள்.

"ஏலே, ஊருல வேற வண்டியே கெடைக்கலையா உனக்கு?"

டாக்டர் வீட்டுக் கறுப்பு வண்டி, திரைக்கம்பியோடு, கண்ணெதிரே வந்து நின்றது. கிடைத்தது என்று எப்படிச் சொல்வது? கதவில் கட்டிய போர்வையை அவிழ்க்கப் போய்விட்டேன்.

மச்சான் ஆள் சேர்த்து, ஊருக்கு வெளியே ஒரு சரிவு வரை தள்ளிக்கொண்டுபோய் வண்டியைக் கிளப்பிவிட்டார். திரும்பும்போது அம்மா மட்டும்தான் என்னோடு வந்தார். சத்திரப்பட்டி தாண்டி வண்டி அணைந்துவிட்டது. வெயில் தாழ்ந்துகொண்டிருந்தது. ரோட்டில் ஒரு ஈ காக்கை இல்லை. நான் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு விழித்தேன். அம்மா இறங்கினார். வெள்ளைத் துப்பட்டியை அள்ளி இடுப்பில் செருகினார். ரோடு அங்கே லேசான இறக்கம். பின்னால் போய்த் தள்ளினார்.

திரைக்கு வெளியே விரல்கூடத் தெரியாமல் இருந்த என் அம்மா, பழனி ரோட்டில் முகத்தைத் திறந்துபோட்டுக்கொண்டு மூச்சுவாங்கத் தள்ளினார். வண்டி கிளம்பியதும் ஓடிவந்து ஏறி உட்கார்ந்து, நார்க்கூடையை மடியில் வைத்துக்கொண்டார். ஊர் வரும்வரை ஒரு வார்த்தை திட்டவில்லை. நாலு திட்டுத் திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ தேவலையாக இருந்திருக்கும்.

அத்தா வந்து வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"இத வித்தவன் எங்க?"

"கப்பல் ஏறிட்டாராம் அத்தா."

"ஏறாம என்ன செய்வான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார்.

ஒன்பதாம் மாதத்துக்கு வாடகைக் கார் பேசி வைத்திருந்தோம். கார் கிளம்புவதற்கு முன்னாலேயே அக்காவுக்கு வலி வந்துவிட்டது. அம்மா அடித்துப்பிடித்து ரயிலில் போய்ச் சேர்வதற்குள் பெண்குழந்தை பிறந்துவிட்டது. வலி முழுக்க "அம்மா, அம்மா" என்றுதான் கத்தினாளாம். அப்புறமும் சம்பந்தி வீட்டு அடுப்படியில், தன் மகளுக்குப் பூண்டு வதக்கிக் கொடுக்கக்கூட அம்மா அனுமதி கேட்டுக்கொண்டு நின்றார். அடுத்த இரண்டு பிரசவமும் எங்கள் வீட்டில்தான். ஆனால் முதல் பிரசவம் மறுபடி வருமா? வராது. நான்தான் அதைக் கெடுத்தேன். அதற்கு எனக்கு ஒரு சமாதானமும் கிடைக்கவில்லை.

சிவப்பு வண்டியை யாரும் வாங்கவில்லை. மண்டிக் கொல்லையில் நின்றது. அதன்மேல் ஆட்டுத்தோல் காயப்போட்டார்கள். அதற்கு மட்டும் ரொம்ப வசதியாக இருந்தது. டாக்டரின் கறுப்பு வண்டியை ஒரு வாழைக்காய் வியாபாரி வாங்கினார். வருஷக்கணக்காக, ஊரில் எல்லாக் கல்யாணத்துக்கும் அதுதான் ஓடியது. எங்கள் தெருவில் போகும்போதெல்லாம் அம்மா திரையை விலக்கிப் பார்ப்பார். பார்த்துவிட்டு என்னைப் பார்க்க மாட்டார்.

இன்றைக்கும் எங்கள் குடும்பத்தில் யார் வண்டி வாங்கினாலும் முதலில் அக்காவிடம் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். அவள் சுற்றிப் பார்ப்பாள். "மாஷா அல்லாஹ், நல்லாத்தான் இருக்கு. தள்ளுறதுக்கு யாரு வர்றா?" என்பாள். வீடே சிரிக்கும். நானும் சேர்ந்து சிரிப்பேன். வேறென்ன செய்ய?

பழனியில் பிறந்த அந்தப் பெண்ணுக்கும் கல்யாணமாகி ஏழாம் மாதம் வந்தது. அவளைக் கூட்டிவரக் கார் பேசச் சொல்லி அக்கா என்னைத்தான் கூப்பிட்டாள். குடும்பமே பதறியது. நான் பெரிய வண்டியாகப் பார்த்துக் கொண்டுபோய் நிறுத்தினேன். அக்கா நாலு கதவையும் திறந்து மூடினாள். பின்சீட்டில் ஏறி இந்தக் கோடி, அந்தக் கோடி என்று நகர்ந்து நகர்ந்து உட்கார்ந்து பார்த்தாள். டிரைவரைச் சாவி போடச் சொல்லி, சத்தம் வருகிறதா என்று காது கொடுத்தாள். வண்டி உடனே கிளம்பியது.

கேள்வி இப்போது வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. பின்சீட்டில், தன் பக்கத்தில் காலியாக இருந்த இடத்தைக் கையால் தடவிக்கொண்டே இருந்தாள்.

"அன்னைக்கு இதுல அம்மாவும் தாராளமா உக்காந்திருக்கும்லடா" என்றாள்.