குடைக்காரன் குதிக்கிறான்

உதயகுமார் பொத்தானை அழுத்தவே இல்லை. ஆனாலும் திரையில் குடைக்காரன் குதித்தான். வெள்ளை மேகத்திலிருந்து எழும்பி, அடுத்த மேகத்துக்கு ஒரு சாண் முன்னாலேயே குடையோடு இறங்கி, நீலத்தில் கரைந்து போனான்.

“போச்சா?” என்றாள் துர்காதேவி, அவன் தோளுக்குப் பின்னாலிருந்து.

“நான் குதிக்கலமா. அவனே குதிச்சான்.”

“அவனே எப்படிங்க குதிப்பான்? உங்க கையில தான கட்டை இருக்குது?”

உதயகுமார் கையிலிருந்த கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். சாம்பல் நிறம். இடப்பக்கம் கூட்டல் குறி போல ஒரு பொத்தான், வலப்பக்கம் இரண்டு சிவப்புப் பொத்தான்கள், நடுவில் சின்னதாக ‘செலக்ட்’, ‘ஸ்டார்ட்’. பார்த்தால் பழைய டி.வி. கேம் கட்டையேதான். வால் மட்டும் புதுசு, கம்ப்யூட்டரின் யு.எஸ்.பி. துளையில் சொருகுகிற வால்.

“மாப்ளே, ஆச்சா?” என்று வாசலோரத்து நாற்காலியிலிருந்து குரல் வந்தது. மாமனார் உமாபதி. ஆடிக்குப் பெண்ணை அழைத்துப்போக வாலாஜாபாத்திலிருந்து சீர்த்தட்டோடு வந்திருந்தார். “நாலரைக்கு ராகு காலம். அதுக்குள்ள வாசப்படி தாண்டிடணும். நாளைக்கு ஆடி பொறந்துடும். பொறந்த அப்புறம் பொண்ணை அழைச்சிக்கினு போற வழக்கம் எங்க வம்சத்துலயே இல்ல.”

“இதோ மாமா. கடைசி மேகம் தான்.”

வைகாசியில் கல்யாணம். புதுப் பெண்ணும் மாப்பிள்ளையும் ஆடியில் ஒரே கூரையின் கீழ் இருந்தால் சித்திரை வெயிலில் பிரசவம் வரும் என்பது பெரியவர்கள் போட்ட கணக்கு. அதனால் ஒரு மாதம் அவள் அங்கே, அவன் இங்கே. அந்த ஒரு மாதத்தைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. பேச வேண்டிய போதெல்லாம் குடைக்காரனைப் பற்றிப் பேசினார்கள்.

குடைக்காரன் துர்காவின் சின்ன வயசுச் சொத்து. எட்டாம் வகுப்பு லீவில் பெரியப்பா வீட்டு டி.வி. கேமில் அவனை மேகம் மேகமாகத் தாவ வைத்திருக்கிறாள். கடைசி மேகத்துக்கு அப்பால் நிலா அரண்மனை. அதற்கு ஒரு கதவு. அவள் அங்கே போய்ச் சேரும் நேரம் பார்த்து ஒன்று கரண்ட் போகும், இல்லை அப்பா நியூஸ் கேட்க வந்துவிடுவார். பிறகு அந்த கேம் டப்பாவே செத்துப்போனது.

“அந்தக் கதவுக்குப் பின்னால என்னா இருக்குதுன்னு வாலாஜாபாத்துலயே யாருக்கும் தெரியாதுங்க” என்று கல்யாணமான மூன்றாம் நாள் சொன்னாள். மற்ற மாப்பிள்ளைகளாக இருந்தால் சிரித்திருப்பார்கள். உதயகுமார் சட்டையை மாட்டிக்கொண்டு சென்னை ரிச்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் கடைகளுக்குப் பஸ் ஏறினான். சேலைக் கரைகளுக்குக் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாகப் பூப்போடுவது அவன் தொழில். எதுவும் எப்படி ஓடுகிறது என்று தெரியாமல் அவனுக்குச் சோறு இறங்காது.

“டப்பா தான் செத்துப் போச்சே, அப்புறம் எப்படி?” என்று அவள் கேட்டபோது அவன் முகம் கார்த்திகை விளக்கு மாதிரி ஆனது.

“நம்ம தறி மேல ஜக்கார்டு பெட்டி இருக்குது பாரு. அட்டையில எங்க ஓட்டையோ அங்க இழை தூக்கும், பூ விழும். கேம்னா அந்த அட்டை. டப்பா தான் தறி. தறி ஒடைஞ்சாலும் அட்டை கெடாது. யாரோ எங்கயோ பத்திரமா வெச்சிருக்காங்க. எமுலேட்டர்னா, மரமே இல்லாத தறி. கம்ப்யூட்டர் தன்னை அந்தப் பழைய டப்பான்னே நெனச்சிக்கும். அட்டையை மாட்டினா அதே பூ.”

“நெனச்சிக்கினா போதுமா?”

“போதும். முழுசா நெனச்சிக்கணும், அவ்ளோ தான்.”

இருவர் ஆடுவதற்காகப் பெட்டியில் கட்டை இரண்டாக வந்தது. ஒரே நிறம், ஒரே பெயர். இரட்டைப் பிள்ளைகளில் எது கூப்பிட்டாலும் மூத்தவன்தான் கூப்பிட்டான் என்று திரும்பிப் பார்க்கிற தாய் மாதிரி அந்தக் கம்ப்யூட்டர். “இந்த ஆட்டத்துக்கு ஒருத்தர் போதும்” என்று துர்கா ஒன்றை எங்கேயோ எடுத்து வைத்துவிட்டாள். படுத்துக்கொண்டே ஆடட்டும் என்று அவன் ஆசையாக வாங்கிவந்த நீள வயரையும் கூடவே வைத்துவிட்டாள்.

காலையில் அப்பா வந்து இறங்கியதும் அவள் தீர்மானமாகச் சொன்னாள்: “கதவைத் தொறந்து பார்த்துட்டு தான் வருவேன். அன்னிக்கு நியூஸுக்காக டி.வி.யைப் புடுங்கினது நீ தானப்பா.”

அது உமாபதிக்கும் நினைவிருந்தது. அதனால்தான் காத்திருந்தார்.

அடுத்த முறையும் குடைக்காரன் மேகங்களைக் கடந்தான். அவர்கள் இருந்த பிள்ளையார்பாளையம் முழுக்க மதியச் சாப்பாட்டுக்குப் பின் உறங்கிக்கொண்டிருந்தது. ஜன்னல் வெளிச்சம் திரையில் விழுந்து, உள்ளே இருந்த மேகமும் வெளியே ஆனி மாதத்து மேகமும் ஒன்றாகவே தெரிந்தன.

“விளிம்பு! விளிம்பு வந்துடுச்சி!” என்று துர்கா கத்தினாள்.

டக்.

குடைக்காரன் குதித்தான். கரைந்தான்.

“பார்த்தியா? நான் விரலையே வெக்கல!”

“பட்டனு ஏதாவது ஒட்டிக்கிச்சோ என்னவோ.”

அது நியாயமான சந்தேகம். உதயகுமார் செட்டிங்கைத் திறந்தான். ‘குதிப்பதற்கான பொத்தானை இப்போது அழுத்தவும்’ என்று ஒரு சின்னக் கட்டம் வந்து காத்திருந்தது. “பழைய பட்டனே வேணாம். இனிமே விளிம்புல இந்த இன்னொரு செவப்பு தான்” என்று சொல்லிக்கொண்டே விரலைக் கொண்டுபோனான். விரல் படுவதற்குள் கட்டம் தானே மூடிக்கொண்டது. குதிக்கிற வேலை நடுவிலிருந்த ‘செலக்ட்’ பொத்தானுக்குப் போயிருந்தது.

“இது யாரு அழுத்தினது?”

“என்னைக் கேட்டா?” என்றாள் துர்கா.

இப்போது குதிக்க வேண்டுமானால் கட்டை விரலை வளைத்து நடுவில் நீட்ட வேண்டும், பல்லிடுக்கில் மாட்டிய பாக்கை நோண்டுவது போல. உதயகுமார் அதையும் பழகிக்கொண்டான். குடைக்காரனுக்குத்தான் அந்தச் சிரமம் எதுவும் இல்லை. விளிம்பு வந்தால் அவன் பாட்டுக்குக் குதித்தான்.

“பின்னாடி வயர் ஏதாவது லூஸா இருக்குதா பாரும்மா. உன் கை தான் போவும்.”

கம்ப்யூட்டர் மேசை தறியறைச் சுவரை ஒட்டிக் கிடந்தது. துர்கா சந்தில் கையைவிட்டு, நிதானமாகத் தடவிப் பார்த்து, “எல்லாம் டைட்டா தான் இருக்குதுங்க” என்றாள்.

சுவருக்கு அந்தப் பக்கம், திறந்த கதவு வழியே உதயகுமாரின் அம்மா மணியம்மாள் தெரிந்தாள். தறிக்குழியின் மிதிப்பலகை மேல் காலைத் தொங்கப்போட்டு, மடியில் முறத்தை வைத்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமைதான் நெய்து முடித்த சேலையை அறுத்தார்கள். அடுத்த சேலைக்கான பாவு நூல் இன்னும் ஏறவில்லை. தறி வெறும் மரமாக நின்றது.

“என்னாம்மா டக் டக்னு சத்தம்?”

“சும்மா உக்காந்தா காலு மரத்துப் போவுதுடா. பழகின காலு. அதுவா மிதிக்குது.”

அதுவும் நியாயம்தான். உதயகுமார் திரும்பினான். அவனுக்குள் ஓர் உபாயம் உதித்திருந்தது.

“துர்கா, இந்த எமுலேட்டர்ல ஒரு அதிசயம் இருக்குது. நடக்கிற எந்த நொடியையும் அப்படியே ஊறுகா போட்டு வெச்சிக்கலாம். எத்தனை தரம் செத்தாலும் அந்த நொடிக்கே திரும்பி வரலாம்.”

“எந்த நொடிக்கு வேணா வரலாமா?” அவள் திரைப் பக்கம் குனிந்தாள். “நெஜத்துல அப்படி ஒண்ணு இருந்தா நல்லா இருக்கும் இல்ல?”

“இருந்தா எந்த நொடியை வெப்ப?”

“ஆனி முப்பத்தி ஒண்ணு, மத்தியானம்” என்றாள். அவன் காதில் அது சரியாக ஏறவில்லை. கடைசி மேகம் வந்துகொண்டிருந்தது.

“இப்ப பாரு, விளிம்புக்கு முன்னாலயே நிறுத்தி சேவ் பண்றேன்.”

டக்.

அவன் சேமித்த நொடியில் குடைக்காரன் ஏற்கெனவே காற்றில் இருந்தான். திரும்ப அழைத்தால் விழுந்தான். மறுபடி அழைத்தால் மறுபடி விழுந்தான். இனி எத்தனை தரம் பிறந்தாலும் அவனுக்கு விழுவது ஒன்றுதான் வாழ்க்கை. குடை விரிந்து, கால்கள் ஆடி, அவசரமே இல்லாமல், தூக்கத்தில் விழுகிறவன் போல அழகாக விழுந்தான்.

“மாப்ளே!” உமாபதி எழுந்தே வந்துவிட்டார். “ஆட்டோக்காரன் ஆரன் அடிச்சிக்கினே இருக்கான். என்னா கோளாறு?”

“பட்டனை அழுத்தாமலே குதிக்கிறான் மாமா.”

“எங்க மில்லுல மோட்டார் இப்படி அடம் புடிச்சா ஒரே ஒரு தட்டு தான்.” சொன்னவர் சி.பி.யு. மண்டையில் ஒன்று வைத்தார். திரை இருண்டது.

“அப்பா!”

“அடங்கிடுச்சில்ல?” என்றார் உமாபதி, திருப்தியாக.

கம்ப்யூட்டர் மறுபடி விழித்து, தன் டிஸ்க்கைத் தானே சோதித்து, வைரஸ் தேடி, ஒவ்வொரு படமாக முகம் காட்டி முடிக்கும்வரை மூவரும் சாமி புறப்பாட்டுக்கு நிற்பவர்கள் மாதிரி நின்றார்கள். உமாபதி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். துர்கா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். உதயகுமாருக்கு வியர்த்தது. போகிறவள் போகட்டும், அவள் கேட்ட ஒரே ஒரு கதவையாவது திறந்து காட்டி அனுப்ப வேண்டாமா? அதுகூட முடியாத கைக்குக் காப்பும் மோதிரமும் எதற்கு?

முதல் மேகத்திலிருந்து தொடங்கினான். இந்த முறை எல்லாம் கூடிவந்தது. பறவைகள் விலகின. இடி தவறியது. உமாபதிகூட வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு, “தாவு! தாவுடா டேய்!” என்றார். கடைசி மேகம்.

“விளிம்பு!” என்றாள் துர்கா.

டக்.

நீலம்.

“ஹ்ம்” என்று உமாபதி பெருமூச்சு விட்டார். விட்டவர் அப்படியே கையைத் திருப்பிப் பார்த்து உறைந்தார். “நாலு முப்பத்தி ரெண்டு.”

வாசலில் ஆட்டோ ஒருமுறை ஹாரன் அடித்துவிட்டு ஓய்ந்தது. ராகு காலம் முடிந்தால் விளக்கு வைக்கிற நேரம். விளக்கு வைத்த பிறகு வீட்டுப் பெண்ணைப் படியிறக்கி அனுப்ப மாட்டார்கள். விடிந்தால் ஆடி.

“ஆடி முழுக்க இங்கயா?” உமாபதி நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். “சித்திரையில கொழந்த பொறந்தா அந்த வெயில்ல என்னா பாடு படும்?”

“அதுக்குத் தான் ஃபேன் கண்டுபுடிச்சிக்கிறாங்களே, சம்பந்தி” என்றாள் மணியம்மாள் தறியறையிலிருந்து. “சீர்த்தட்டை உள்ள வைங்க. கீரை வடை சுடறேன். சாப்ட்டுட்டு நீங்க மட்டும் பொறப்படுங்க.”

“மன்னிச்சிக்கோமா” என்றான் உதயகுமார் மெல்ல. “உன்னை நேரத்துக்கு அனுப்ப முடியல. கதவும் தொறக்கல.”

“பரவாயில்லைங்க. இன்னொரு தரம் போங்க. மெதுவா போங்க, அவசரம் ஒண்ணும் இல்ல.”

அவன் போனான். கடைசி மேகம் வந்தது. இந்த முறை துர்கா கத்தவில்லை. தறியறையிலும் சத்தம் இல்லை. குடைக்காரன் விளிம்பில் நின்றான், சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை மாதிரி. உதயகுமார் கட்டை விரலை வளைத்து ‘செலக்ட்’டைத் தொட்டான். குடைக்காரன் தாவினான். நிலா அவனை ஏந்திக்கொண்டது. கதவு திறந்தது.

உள்ளே ஒரு பெண். அவள் கையிலும் ஒரு குடை. இருவரும் நிலாவின் ஓரத்தில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தார்கள். வானம் மெல்ல இருண்டு நட்சத்திரம் வந்தது. பிறகு ஆட்டம் மறுபடி முதல் மேகத்திலிருந்து தொடங்கியது. இப்போது மேகத்தின் மேல் இரண்டு குடைகள்.

“இவ்ளோ தானா?” என்றார் உமாபதி.

“இவ்ளோ தான்பா” என்றாள் துர்கா. 

உதயகுமார் கட்டையைத் தடவிக்கொடுத்தான். “என்னாவோ, தானா சரியாயிடுச்சி. ஏன்னு தான் புரியல.”

அப்போது தறியறையிலிருந்து மணியம்மாள் கேட்டாள்: “ஏம்மா துர்கா, நாலரை தாண்டிடுச்சில்ல? மிதிக்கு அடியில வெச்ச அந்த இன்னொரு கட்டையை எடுத்துடும்மா, இனிமே என் காலு தாங்காது.”