திருச்சுழி பஸ் லேட்டான நாள்

ரஷ்ய இலக்கியத்தின் மேல் அருப்புக்கோட்டையிலிருந்தே கோபப்பட்ட ஒரே மனிதர் எங்கள் பஸ் ஸ்டாண்டு டைம்கீப்பர்தான். வாயில் எப்போதும் விசில் இருக்கும். அதனால் ஊருக்கே அவர் ‘விசில்’. அவர் ஊதினால் பஸ் மட்டுமல்ல, டீக்கடை பாய்லரும் கிளம்பிவிடும் என்பார்கள்.

எழுபதுகளின் தொடக்கம் அது. நான் ஒரு நூல் கடையில் பில் எழுதிக்கொண்டிருந்தேன். சாயங்காலம் ஊருக்குத் திரும்ப திருச்சுழி பஸ்ஸுக்கு நிற்பேன். மலிவு விலைக்கு வந்த ரஷ்யக் கதை, நாடகப் புத்தகங்களை விசில் படித்துவிட்டு எனக்குத் தருவார். அந்தப் பெயர்கள் அவர் வாயில் நுழையாது. அதனால் ஆட்களுக்கு நம் ஊர்ப் பெயர்களை வைத்துவிட்டார். நிலத்தைத் தோற்ற ஜமீன்தார் ‘மல்லாங்கிணறு’. குடிகார டாக்டர் ‘பாளையம்பட்டி’.

“பாளையம்பட்டி சுத்தச் சோம்பேறி! நம்ம ஸ்டாண்டுல இருந்தா மெமோ குடுத்திருப்பேன்” என்று ஒருநாள் கத்தினார்.

“யாருய்யா எங்க ஊரைச் சோம்பேறிங்கிறது?” என்று கூட்டத்திலிருந்து ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

ஒரு நாடகம் மட்டும் விசிலைப் படாதபாடு படுத்தியது. ஒரு பெண்ணைக் கட்டிக்கொள்ளக் கேட்பதற்காக ஒருவர் வருகிறார். வந்தவர் குளிரைப் பற்றிப் பேசிவிட்டுக் கிளம்பிவிடுகிறார்.

“அந்தப் புள்ள திருச்சுழி எம்புட்டு நேரமா நிக்கிது! கேட்டுத் தொலைக்க வேண்டியதுதானலே?” என்று டிரைவரிடம் பாய்ந்தார்.

“அது சரி, அவனுக்கு என்ன ஊரு வச்சிருக்க?”

“அந்தப் பயலுக்கு ஊரு ஒண்ணுதான் கேடு!”

அந்தப் பெண்ணுக்கு என் ஊரை வைத்திருந்ததைக் கவனித்தேன். பஸ் ஏறும்வரை தலை நிமிரவில்லை.

ஐப்பசியில் கோயம்புத்தூரிலிருந்து என்னைப் பெண் பார்த்துவிட்டுப் போனார்கள். அப்பா என் சம்மதத்தைக் கேட்டார். நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். மறுநாள் சாயங்காலம் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது விசிலிடம் சொன்னேன்.

“கோயம்புத்தூருல இருந்து பாத்துட்டுப் போயிருக்காக. நான் இன்னும் ஒண்ணும் சொல்லல.”

என் ஆயுளில் அதைவிடத் துணிச்சலாக நான் பேசியதில்லை.

விசிலை வாயிலிருந்து எடுத்தார். பஸ்ஸைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார்.

“பரளச்சிப் பக்கம் மழையாம்” என்றார்.

“அப்படியா” என்றேன்.

ஏறி உட்கார்ந்தேன். பஸ் உறுமிக்கொண்டே நின்றது. “ஏலே விசிலு, ஊதுலே! சனம் சத்தம் போடுது” என்றார் டிரைவர். மழை வெள்ளத்திலும் பஸ்ஸைப் பிந்தவிடாத மனிதர், விசிலைக் கைக்குள் பொத்திக்கொண்டு என் ஜன்னலோரம் நின்றார். கடைசியில் கண்டக்டரே ரைட் கொடுத்துவிட்டார்.

வீட்டுக்குப் போய்ச் சம்மதம் என்றேன். கோயம்புத்தூரில் நன்றாகவே இருக்கிறேன். இங்கே டைம்கீப்பர்கள் நேரத்துக்கு ஊதிவிடுகிறார்கள்.

அந்த நாடகத்து ஆளுக்கு அவர் கடைசிவரை ஊர் வைக்கவில்லை. நான் வைத்திருக்கிறேன். அருப்புக்கோட்டை.